விரிசல் விட்ட பலகையைத் தூக்கிப் போடாதீங்க... பாண்டிச்சேரியில் மரவேலை தொடங்கிய நகாஷிமாவின் கதை!

பண்ருட்டிப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருந்தா, அடுத்த முறை போகும்போது அவங்க வீட்டுக் கொல்லையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. மாட்டுக் கொட்டகை ஓரத்துலயோ, சாய்ப்புக்குக் கீழயோ நாலஞ்சு பலாப் பலகைகள் தூசு படிஞ்சு கிடக்க வாய்ப்பு இருக்கு. 2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. விழுந்த மரங்களில் நிறைய விறகாகப் போச்சு. ஆசையா வளர்த்த மரத்தை விறகுக்குக் கொடுக்க மனசு வராத சிலர், அறுத்துப் பலகையாக்கிச் சாத்தி வெச்சாங்க. எங்க தாத்தாவும் அப்படித்தான்.

அந்தப் பலகைகளில் ஒண்ணு போன வருஷம் என் கைக்கு வந்தது. அக்கா பொண்ணுக்கு மூணு வயசு. உட்கார ஒரு குட்டி முக்காலி செய்யலாம்னு ஆசை. பலகையைத் துடைச்சுப் பார்த்தா, ஒரு முனையில் இருந்து ஒரு முழம் நீளத்துக்கு விரிசல். பார்த்த ஆசாரி, இது அடுப்புக்குத்தான் ஆகும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார். வீட்டுல எல்லாரும் அதையேதான் சொன்னாங்க.

ஆனா, இதே மாதிரி விரிசல் விட்ட பலகைகளை வெச்சு உலகப் புகழ் அடைந்த ஒருத்தர் இருந்தார். பெயர் ஜார்ஜ் நகாஷிமா. அவர் அமெரிக்கக்காரர்தான். ஆனா, அவருடைய முதல் மரச்சாமான்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டவை இல்லை. பண்ருட்டியில் பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேரக்கூடிய பாண்டிச்சேரியில் செய்யப்பட்டவை.

காரை வித்துக் கப்பல் ஏறியவர்

1905-ம் வருஷம் மே 24-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் என்ற ஊரில் பிறந்தார் நகாஷிமா. அப்பா, அம்மா ஜப்பானில் இருந்து குடியேறியவங்க. சின்ன வயசில் சாரணர் படையில் சேர்ந்து காடு மேடெல்லாம் சுத்தியதில் மரங்கள் மேல் ஒரு பிடிப்பு வந்தது. கல்லூரியில் முதலில் எடுத்தது வனவியல். பிறகு கட்டடக்கலைக்கு மாறி 1929-ல் பட்டம் வாங்கினார். அடுத்து எம்.ஐ.டி-யில் முதுகலை.

இந்த இடத்தில் இன்றைக்கு உங்களில் பலருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு வருது. படிச்சு முடிச்சு வேலைக்குப் போனார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்த வேலை போச்சு. நம்மில் பலர் அந்த நேரத்தில் ரெஸ்யூமைத் திருத்திக்கிட்டு இருப்போம். அவர் காரை வித்து, உலகைச் சுத்தி வரும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். பாரிஸில் ஒரு வருஷம், வட ஆப்பிரிக்கா, அப்புறம் ஜப்பான். டோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலை கிடைச்சது. அந்த ரேமண்டுக்குப் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்து ஒரு வேலை வந்தது. ஆசிரமவாசிகள் தங்குவதற்கு ஒரு கட்டடம் வேணும். அங்கே போய் இருந்து வேலையைப் பார்க்க நகாஷிமா தயாராக இருந்தார். 1937-ல் பாண்டிச்சேரி வந்து இறங்கியபோது அவருக்கு வயசு 32.

அந்தக் கட்டடம்தான் 'கோல்கொண்டே'. ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி வழியாக நிதி வந்ததால் கோல்கொண்டாவை ஒட்டி அந்தப் பெயர். இந்தியாவின் ஆரம்பகால கான்கிரீட் கட்டடங்களில் முக்கியமானது இது. நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏத்த மாதிரி யோசிச்சுக் கட்டியது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்து மூடும் நீளமான பட்டைகள். அறைகளுக்குத் தேக்குப் பட்டைகளால் ஆன இழுவைக் கதவுகள். கதவு சாத்தியிருக்கும், காத்து மட்டும் உள்ளே வந்து போய்க்கிட்டே இருக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. கதவு ஜன்னலுக்கான பித்தளைச் சாமான்களைக் கடையில் வாங்கலை. ஆசிரமத்தில் இருந்தவங்க கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, அங்கேயே வார்த்துச் செஞ்சாங்க. வேலை செஞ்சவங்களில் பலர் கட்டட வேலையே தெரியாத ஆசிரமவாசிகள். செய்யச் செய்யக் கத்துக்கிட்டாங்க. அந்தக் கட்டடத்துக்கான மரச்சாமான்களை வடிவமைத்ததில்தான் நகாஷிமாவின் கை முதன்முதலில் இந்தத் தொழிலில் இறங்கியது.

கொஞ்ச நாளில் சம்பளமே வேண்டாம்னு சொல்லி ஆசிரமவாசிகளில் ஒருவராகச் சேர்ந்துவிட்டார். அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பெயர் வைக்கப்பட்டது. அழகில் ஆனந்தம் காண்பவர்னு அர்த்தம். ரெண்டு வருஷம் இருந்துட்டு, 1939-ல் கிளம்பினார். கட்டடம் முழுசா முடிந்தது 1940-களில்தான்.

முதலில் ஒரு மணை போடுங்க

கதையைக் கொஞ்சம் நிறுத்திட்டு உங்க வீட்டுப் பலகைக்கு வருவோம். கோல்கொண்டேயில் நடந்த மாதிரி, மரவேலை தெரியாத ஒருத்தர் முதல் முறையாக ஒண்ணு செய்யணும்னா எதைச் செய்யலாம்? யூடியூப் பார்த்துட்டு நேரா டைனிங் டேபிளுக்குப் போயிடாதீங்க. நம்ம வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த மணைப் பலகைதான் சரியான முதல் பாடம். ஒரு பலகை, அடியில் குறுக்கே ரெண்டு கட்டை. அவ்வளவுதான். பூஜைக்கும் ஆகும், தரையில் உட்கார்ந்து சாப்பிடவும் ஆகும்.

இந்த எளிய வேலையிலேயே எல்லாரும் ஒரு தப்பு பண்றோம். அடியில் இருக்கிற குறுக்குக் கட்டைகளைப் பெவிகால் ஊத்தி, ஆணி அடிச்சு, அசையவே விடாம இறுக்கிடுறோம். மரம் அறுபட்ட பிறகும் அசையும்கிறதை மறந்துடுறோம். மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பலகையின் அகலம் கூடும். பங்குனி வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் ரொம்பக் குறைவு. அகலத்தில்தான் அதிகம். அசைய வழி இல்லாத பலகை என்ன பண்ணும்? பிளந்துடும். அதனால், குறுக்குக் கட்டையில் திருகாணிக்குப் போடுற ஓட்டையை வட்டமா போடாம, பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீளமா போடுங்க. பலகை போய் வர இடம் கிடைக்கும். பழைய மணைகள் சிலது ஐம்பது வருஷம் ஆகியும் பிளக்காம இருந்தா, செஞ்சவர் இதைத் தெரிஞ்சு செஞ்சிருக்கார்.

பலா இதுக்கு நல்ல மரம். பண்ருட்டிப் பலாவில்தான் மிருதங்கமும் தஞ்சாவூர் வீணையும் கடைகிறாங்கங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இழைப்புளியில் இழைச்சா மஞ்சள் மஞ்சளாகச் சீவல் விழும். வருஷம் ஆக ஆக நிறம் பழுத்துப் பழுப்பாகும். ஆனா, பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காயணும்கிறது தச்சர்கள் கணக்கு. பலகைகளுக்கு நடுவில் குச்சி வெச்சு அடுக்கணும். வெட்டுமுனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறும். அதனால்தான் விரிசல் எப்பவும் முனையில் இருந்து தொடங்குது. அறுத்த உடனே ரெண்டு முனையிலும் பெயின்ட் அடிச்சு வெச்சா பாதிப் பிரச்னை தீரும். எங்க தாத்தா அதைச் செய்யலை.

முள்வேலிக்குள் ஒரு பட்டறை

பாண்டிச்சேரியில் இருந்து கிளம்பிய நகாஷிமா ஜப்பான் போனார். அங்கே மரியன் ஒகாஜிமாவைச் சந்தித்தார். அவரும் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பெண். 1940-ல் அமெரிக்கா திரும்பிய நகாஷிமா, பேர் வாங்கிய கட்டடக்கலைஞர்களின் கட்டடங்கள் எப்படி எழும்புதுன்னு நேரில் போய்ப் பார்த்தார். கட்டுமானத் தரம் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. வரைகிறவர் ஒருத்தர், கட்டுகிறவர் இன்னொருத்தர்னு இருக்கும்போது நடுவில் எல்லாமே நழுவுது. தொடக்கத்தில் இருந்து முடிவு வரை தன் கையிலேயே இருக்கும் வேலைதான் வேணும்னு முடிவு பண்ணினார். 35 வயசில், எம்.ஐ.டி படிப்பை ஓரமா வெச்சுட்டு மரச்சாமான் தொழிலுக்கு வந்தார்.

1941-ல் கல்யாணம். சியாட்டிலில் பட்டறை போடக் கையில் காசு இல்லை. மேரிநோல் பாதிரியார் ஒருவர், சிறுவர் மன்றத்தின் நிலவறையைக் கொடுத்தார். அதுக்கு வாடகை, அந்தப் பசங்களுக்கு மரவேலை கத்துக்கொடுப்பது. உளியே பிடிச்சிராத பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் நகாஷிமாவும் தன் தொழிலைத் தொடங்கினார்.

அது நிலைக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைக்க அரசு உத்தரவு போட்டது. அதில் பெரும்பாலானவங்க அமெரிக்கக் குடிமக்கள். 1942-ல் நகாஷிமா, மரியன், கைக்குழந்தையான மகள் மீரா மூணு பேரும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. முள்வேலி, காவல் கோபுரம், தார்ப்பேப்பர் ஒட்டிய கொட்டகை, சுத்திலும் புழுதி.

அந்த முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபுத் தச்சில் முறையாகப் பயிற்சி பெற்றவர். ரெண்டு உலகப் பல்கலைக்கழகங்களில் படிச்ச நகாஷிமா, அவருக்குக் கீழே சிஷ்யனாக உட்கார்ந்தார். ஜப்பானிய ரம்பத்தை நம்ம பக்கம் இழுத்து அறுப்பது, உளியைத் தீட்டுவது, ஆணியே இல்லாம கழுந்தும் துளையுமாக இணைப்பது... எல்லாம் அங்கே கத்துக்கிட்டது.

மரத்துக்கு எங்கே போவது? கொட்டகை கட்டி மிச்சமான துண்டுகள், பாலைநிலத்தில் கிடைத்த புதர்க்கட்டைகள். இதை வெச்சுத்தான் அந்தக் கொட்டகை அறைகளை மனுஷங்க வாழுற இடமா மாத்தப் பார்த்தாங்க. முடிச்சு இருக்கும், வளைஞ்சிருக்கும், பிளந்திருக்கும். வேண்டாம்னு ஒதுக்க அவங்களுக்கு வசதி இல்லை. மரத்தின் குறையோடேயே அதைப் பயன்படுத்தும் அவருடைய பழக்கத்தை யாராவது ஜப்பானிய அழகியல், ஜென் தத்துவம்னு மட்டும் விளக்கினா நான் பாதிதான் ஒத்துக்குவேன். மீதிப் பாதி, கையில் வேற மரம் இல்லாத ஒரு கைதியின் நிலைமை.

மீராவின் முக்காலி

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட, குடும்பம் வெளியே வந்தது. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் ரேமண்டுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே நகாஷிமாவுக்குக் கிடைத்த வேலை கோழி வளர்ப்பு. ஓய்ந்த நேரத்தில் மரவேலை. பிறகு, மூணு ஏக்கர் நிலத்துக்குப் பணத்துக்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்தார். முதலில் பட்டறையைக் கட்டினார். வீடு அதுக்கு அப்புறம்தான்.

மகள் மீராவுக்காக அவர் வடிவமைத்த சின்ன நாற்காலி ஒண்ணு உண்டு. மூணே கால், முதுகுக்குச் சில குச்சிகள். 'மீரா நாற்காலி' என்று அவள் பெயரிலேயே பின்னாளில் விற்பனைக்கும் வந்தது. மூணு கால் ஏன்னு நானே உட்கார்ந்து யோசிச்சேன். கட்டடக்கலை படிச்சவருக்கு இது தெரியாம இருக்காது: நாலு கால் நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும். மூணு கால் எந்தத் தரையிலும் ஆடாது. நாலாவது கால் இருந்தாத்தானே குட்டையா நெட்டையான்னு பிரச்னை வரும்? நம்ம ஊர் முக்காலிக்கும் அதே கணக்குதான்.

அக்கா பொண்ணுக்கு நான் செஞ்சதும் இதுதான். முதுகுக் குச்சி வைக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றரை இன்ச் கனப் பலகையில், பத்து இன்ச் அகலத்துக்கு உட்காரும் பகுதி. வட்டமா வெட்டலை, மரத்தின் ஓரம் எப்படி இருந்ததோ அப்படியே விட்டு உப்புத்தாளால் தேய்ச்சேன். டிரில்லிங் மெஷினில் மூணு ஓட்டை. கால் வெளிப்பக்கம் சாயணும் என்பதால் ஓட்டையும் சாய்வாகத்தான் போடணும். அதுக்கு ஒரு அட்டையைச் சாய்வா வெட்டிப் பக்கத்தில் நிறுத்தி வெச்சுக்கிட்டேன். கால்கள் தேக்குக் கழிவில் இருந்து. கால் நுனியில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, ஓட்டையில் செருகி, மேலே இருந்து சின்ன ஆப்பு அடிச்சா கால் விரிஞ்சு இறுகிக்கும். ஆணியே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆப்பு, பலகையின் ரேகைக்குக் குறுக்காக இருக்கணும். ரேகையோட ஓட்டத்திலேயே அடிச்சீங்கன்னா நீங்களே பலகையைப் பிளக்கிறீங்க. என் முதல் பலகை அப்படித்தான் போச்சு. நல்லவேளை, அது விரிசல் இல்லாத துண்டு!

முக்காலி முடிஞ்சு கை பழகிட்டா நடைவண்டிக்குப் போகலாம். மூணு சக்கரம், பிடிக்க ஒரு கட்டை. பிளாஸ்டிக் வாக்கருக்கு முன்னாடி நம்ம ஊர்க் குழந்தைகள் அதைத் தள்ளித்தான் நடை பழகினாங்க. அதிலும் எல்லா முனையையும் உருட்டித் தேய்க்கணும். வாயில் வைக்கிற வயசுக் குழந்தைன்னா பெயின்ட், வார்னிஷ் வேண்டாம். சமையலுக்கு விற்கிற ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்ச்சு, சில வாரம் காய விடுங்க. தேய்ச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீங்க, அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவெச்ச பிறகுதான் போடணும்.

விரிசலுக்குக் குறுக்கே ஒரு பட்டாம்பூச்சி

சரி, அந்த விரிசல்? நியூ ஹோப்பில் நகாஷிமா என்ன செஞ்சார் என்பதுதான் அதுக்குப் பதில். மத்த பட்டறைகளில் விரிசல் விட்ட பகுதியை வெட்டி எறிஞ்சாங்க. இல்லைன்னா மக்கு வெச்சு மறைச்சாங்க. அவர் ரெண்டும் செய்யலை. விரிசலுக்குக் குறுக்கே, ரெண்டு பக்கமும் அகன்று நடுவில் இடுங்கிய மரக்கட்டையைப் பதித்தார். பார்க்கப் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். நம்ம ஊர் உடுக்கையை நீளவாக்கில் வெட்டின மாதிரின்னும் சொல்லலாம். அகன்ற பக்கங்கள் ரெண்டு புறமும் பிடிச்சுக்கொள்வதால் விரிசல் மேலே ஓட முடியாது. கட்டையின் ரேகை விரிசலுக்குக் குறுக்கே போகணும், அதுதான் அதுக்குப் பலம். இந்த இணைப்பு அவர் கண்டுபிடிச்சது இல்லை. பழங்காலத்தில் இருந்தே இருக்கிறதுதான். மறைக்கவேண்டிய ஒட்டுவேலையை மேஜையின் நடுவில், எல்லார் கண்ணும் படும் இடத்தில் வெச்சார் என்பதுதான் புதுசு.

மரத்தின் வெளி ஓரத்தை அறுக்காம அப்படியே விட்டு மேஜை செய்வதும் அவர் பாணி. இன்னைக்கு இன்ஸ்டாகிராமில் லட்ச ரூபாய்க்கு விற்கும் 'லைவ் எட்ஜ்' மேஜைகள் எல்லாம் இந்தப் பட்டறையின் பேரப்பிள்ளைகள்தான். கையால்தான் எல்லாம் செய்யணும்னு அவர் அடம்பிடிச்சதும் இல்லை. கரடுமுரடு வேலைக்கு மெஷின், கடைசி இழைப்புக்கும் இணைப்புக்கும் கை.

புகழ் வந்த கதையைச் சீக்கிரம் சொல்லிடுறேன். 1940-களிலேயே நோல் நிறுவனம் அவர் நாற்காலியைத் தயாரித்தது. 1952-ல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் கைவினைப் பதக்கம். 1964-ல் மறுபடி இந்தியா வந்து, அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக மரச்சாமான்களை வடிவமைத்தார். 1970-களில் நெல்சன் ராக்ஃபெல்லரின் வீட்டுக்கு 200-க்கும் அதிகமான சாமான்கள். 1983-ல் ஜப்பான் அரசின் விருது.

அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரு மரம்தான் இந்தக் கதையை மறுபடி நம்ம ஊர்ப் பக்கம் கொண்டு வருது. 1984-ல் ஒரு பிரமாண்டமான கறுப்பு வால்நட் அடிமரம் வந்தது. அதைப் பலகையாக அறுத்துப் பார்த்த நகாஷிமா, ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு அமைதி மேஜை வைக்கணும்னு ஆசைப்பட்டார். எதிரி நாட்டான்னு முகாமில் அடைக்கப்பட்ட மனுஷனின் ஆசை அது. முதல் மேஜை 1986-ம் வருஷக் கடைசி நாளில் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் வைக்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் ரெண்டு, புத்தகம் விரிச்ச மாதிரி. நடுவில் பட்டாம்பூச்சிக் கட்டைகள்.

1989-ல், அவரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் வாங்கிச் சேர்த்திருந்த ஒரு தம்பதியின் வீடு தீயில் எரிஞ்சு எல்லாம் சாம்பலானது. 84 வயசில், அத்தனையையும் திரும்பச் செஞ்சு தர ஆரம்பிச்சார் நகாஷிமா. பாதியில், 1990 ஜூனில் இறந்துபோனார். மீதியை முடிச்சுக் கொடுத்தது மகள் மீரா. முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன அதே மீரா, அப்பா மாதிரியே கட்டடக்கலை படிச்சுட்டு அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்தினார். ஆசியாவுக்கான அமைதி மேஜை 1996-ல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. பாண்டிச்சேரி போனால் ராக் பீச், கஃபேயோட திரும்பிடாம, ஆரோவில்லின் யூனிட்டி பெவிலியனில் அதைப் பார்த்துட்டு வாங்க. மறக்காம அந்த மேஜைக்குக் கீழேயும் குனிஞ்சு பாருங்க. நல்ல தச்சர்களின் வேலை அடியிலும் சுத்தமா இருக்கும்.

என் பலாப் பலகையின் விரிசலுக்கு நான் ரெண்டு பட்டாம்பூச்சி வெட்டினேன், தேக்கில். கத்தியால் வரைஞ்சு, உளியால் அரை இன்ச் ஆழத்துக்குக் குடைஞ்சு, கொட்டாப்புளியால் தட்டி இறக்கினேன். ஒண்ணு கச்சிதமா உட்கார்ந்தது. இன்னொண்ணில் ஒரு நூல் அளவுக்கு இடைவெளி இருக்கு. மரத்தூளும் பசையும் கலந்து அடைச்சேன். அடுப்புக்குன்னு சொன்ன ஆசாரி அதைத் தடவிப் பார்த்துட்டு, அடுத்த தடவை உளியை இன்னும் தீட்டச் சொன்னார். விரிசல் முடியுற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயிருக்கு. விரிசல் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டலை. பாப்பா முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, மூணு காலுக்கும் மூணு பொம்மையை மாட்டி விளையாடிக்கிட்டு இருக்கா.